வண்ணக்கர் ஒரு துணை விவரம்

“நான் துணை விவரமா, சேர்?”

வேலிக் கடப்படிக்கு வெளியே நின்றபடியே வண்ணக்கர் வினாயகமூர்த்தி கேட்டார். காலை ஆறு மணி. மதுரன் வாயில் பிறஷ்ஷும் நுரையுமாகக் கிணற்றடியில் நின்றான். பதில் சொல்வதென்றால் முதலில் துப்ப வேண்டும். கோயில் வண்ணக்கருக்கு முன்னால் துப்பலாமா கூடாதா என்பது அவனுக்குத் தெரியவில்லை. விழுங்கிவிட்டான்.

“என்ன ஐயா சொல்றீங்க?”

“நேத்து உங்கட வகுப்பால வந்த என்ட மகன் சோறு தின்னக்குள்ள சொல்றான், ‘அப்பா, நீங்க மெயின் ஐடியா இல்ல, வெறும் சப்போட்டிங் டீட்டெயில்’ எண்டு. தமிழில சொல்லுடா எண்டன். துணை விவரமாம். எங்கட குடி இந்தக் கோயில்ல முதலாங்குடி, சேர். எனக்கு முந்தி என்ட மாமா வண்ணக்கர். அவருக்கு முந்தி அவர்ர மாமா வண்ணக்கர். நான் ஆருக்குத் துணை?”

தோணிக்கரைச்சேனையைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். பெரியகல்லாற்றில் பஸ்ஸால் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாவிப் பக்கம் நடந்தால் வருகிற சின்ன ஊர் அது. இங்கே இரண்டு பேர் சேர்ந்து நடந்தால்கூட யார் முன்னால் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. பிள்ளையார் கோயில் திருவிழாவில் பூசை முடிந்ததும், தாய்வழியாக வருகிற ஐந்து குடிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். ஐந்தாவது குடிக்குப் போய்ச் சேரும்போது பொங்கல் ஆறிக் கல்லாகியிருக்கும். ஆனாலும் முதலாங்குடி இரண்டாங்குடிக்கு மூன்று நிமிடம் முந்திக் கூப்பிடப்பட்டது என்பதை அந்த வருடம் முழுவதும் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த வரிசையைக் காப்பாற்றுகிற பெரிய மனிதர்தான் வண்ணக்கர்.

மதுரனுக்கு இதெல்லாம் புதிது. அவன் மாங்கேணிக்காரன். இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் கட்டிய கையோடு பெட்டியும் தானுமாக மனைவி நிருஷாவின் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பகலில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். பின்னேரம் கோயில் மடத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் பதினேழு பேருக்கு இலவச வகுப்பு.

அந்த வகுப்புத்தான் அவனுடைய உயிர். போன வருடம் இந்த ஊரில் ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதிய பதினான்கு பேருக்கும் ஆங்கிலத்தில் W, அதாவது பெயில். அதற்கு முந்திய வருடம் பதினொரு பேர், பதினொரு W. ஊர் உண்டான நாளிலிருந்து ஓ.எல். இங்கிலீஷ் பாஸ் பண்ணியவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. உண்மையைச் சொன்னால் மதுரனுக்கே முதல் தடவை W தான் வந்தது. அன்றைக்கு மாங்கேணிக் கடற்கரையில் ஒரு தோணிக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவன் அழுதது நிருஷாவுக்குக்கூடத் தெரியாது. இந்தப் பதினேழு பேரில் ஒருவராவது அப்படி ஒளியாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவனுடைய ஆசை.

பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல், ஐந்தாறு வாக்கியமுள்ள ஓர் ஆங்கிலப் பந்தியை வாசித்து அதன் பிரதான கருத்தைக் கண்டுபிடிப்பது. வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த பந்திகளெல்லாம் பனிமழை, ரயில்பாதை, பனிக்கரடி. தோணிக்கரைச்சேனையில் பனியும் இல்லை, ரயிலும் இல்லை. ‘தெரிந்த விசயத்தை நானே எழுதிக் கொடுத்தால் என்ன?’ என்று மதுரனுக்குத் தோன்றியது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிடத்தில்தான்.

‘எங்கள் திருவிழா’ என்று ஐந்து வசனத்தில் ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதினான். ஊர்ப் பெரியவர்கள் சந்தோசப்படட்டும் என்று அவர்களுடைய பெயர்களையும் போட்டான். முதல் வசனத்தில், நல்லரத்தினம் வீதி முழுவதும் லைற் போட்டதும் ஊருக்குத் திருவிழாக் களை வந்துவிடும் என்று எழுதினான். நல்லரத்தினம் இரண்டாங்குடிக்காரர். வாவி நண்டும் இறாலும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். இரண்டாவது வசனத்தில் வண்ணக்கர் கோயில் கதவைத் திறந்தார். பிறகு கரும்பலகையில் பெரிதாக எழுதிப் படிப்பித்தான்: பிரதான கருத்துப் பெரும்பாலும் முதல் வசனத்தில் இருக்கும், மற்றதெல்லாம் அதைத் தாங்குகிற துணை விவரம்.

வண்ணக்கரின் மகன் நிதுர்ஷன் அதைக் கற்பூரம்போலப் பிடித்துக்கொண்டான். வண்ணக்கர் கட்டியிருப்பது நல்லரத்தினத்தின் தங்கையை. பிள்ளைக்குத் தாயின் குடி. ஆகவே நிதுர்ஷன் இரண்டாங்குடிக்காரன். தகப்பன் துணை விவரமானதில் அவனுக்குச் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியிருக்கிறது.

“ஐயா, அது இங்கிலீஷ் வாசிக்கிற முறை. அதில பெரியவர் சின்னவர் எண்டு ஒண்டுமில்ல.”

“அப்ப நீங்க எழுதினத வாசிங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழும் சொல்லுங்க. ஒண்டையும் ஒளிக்கப்படாது.”

மதுரன் வாசித்தான். வண்ணக்கர் மடியிலிருந்து பிறவுண் பேப்பர் உறை போட்ட புதுக் கொப்பி ஒன்றை எடுத்தார். சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். மதுரன் கொப்பியை எட்டிப் பார்த்தான். கோயில் கூட்டத்துக்குச் சாட்சி சேர்க்கிறார் மனிதர்!

“நாளைக்கே மாத்தித் தாறன் ஐயா,” என்றான்.

மாற்றினான். வண்ணக்கரை முதல் வசனத்தில் ஏற்றினான். நல்லரத்தினத்துக்குக் கடைசி வசனம் கிடைத்தது. பெரியகல்லாற்றுச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் பஹ்மி அதைப் பிரதி எடுக்கும்போது இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

“சேர், முந்தநாள் அடிச்ச அதே திருவிழாதானே இது?”

“ஓம். ஆக்கள் மட்டும் மாறி நிக்காங்க.”

“அல்லாட காவல்,” என்றார் பஹ்மி. பதினேழு பிரதியையும் எண்ணிக் கொடுத்தார்.

அடுத்த நாள் வகுப்பு முடிகிற நேரம், பின்னால் நண்டுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் மடத்து வாசலில் வந்து நின்றது. நல்லரத்தினம் இறங்கினார். பிள்ளைகள் போகும்வரை பொறுமையாக நின்றார்.

“சேர், ஒரு கிழமைக்குள்ள நான் செஞ்ச குற்றம் என்ன?”

“என்ன அண்ணன்?”

“செவ்வாய்க்கிழமை முதல் வசனத்தில இருந்தன். வியாழக்கிழமை கடைசிக்கு இறக்கிட்டீங்க. என்ட மகள் தக்ஷாயினி வீட்ட வந்து அழுறாள். லைற்றுப் போட்டது நான். கதவு திறந்தது மச்சான். கதவு திறக்கிறது ஒரு வேலையா? காத்தடிச்சாலும் திறக்கும்.”

அந்த நேரத்தில் மதுரனுக்கு உதவிக்கு வந்தது அவன் படித்த படிப்பு. வராமல் இருந்திருக்கலாம்.

“அண்ணன், சில பந்திகளில மெயின் ஐடியா கடைசி வசனத்திலதான் வரும். முதல்ல சின்ன விசயத்தச் சொல்லி, முடிவில பெரிய விசயத்தச் சொல்றது.”

நல்லரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “அப்ப மச்சான் எனக்குத் துணை விவரம்?”

“அப்பிடி நான் சொல்லல்ல...”

“விளங்கிட்டுது சேர். நீங்க சொல்லத் தேவையில்ல. அந்தக் கடைசி வசனத்த மட்டும் ஒருக்கா மெதுவா வாசிங்க.” அவரும் நண்டுப் பெட்டிக்கு மேலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். அதில் மீன் வாடை அடித்தது. எழுதிக்கொண்டார். இரண்டாவது சாட்சி.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடப்படியில் வண்ணக்கர்.

“கடைசி வசனத்திலயும் மெயின் ஐடியா வருமாமே?”

“சில நேரத்தில வரும் ஐயா.”

“அப்ப முதலாவதும் எனக்கு, கடைசியும் எனக்கு. நடுவில வேணுமெண்டா மச்சான் இருந்திட்டுப் போகட்டும்.”

இதற்குள் ‘துணை விவரம்’ ஊருக்குள் இறங்கிவிட்டது. தோணியடியில் வலை இழுக்கப் பிந்தி வந்தவனை “வாடா துணை விவரம்!” என்று கூப்பிட்டார்கள். குழாயடியில் இரண்டு பெண்கள் குடம் வைப்பதில் சண்டைபோட்டு, “நீ துணை விவரம், உன்ட பரம்பரையே துணை விவரம்!” என்று முடித்தார்கள். இவ்வளவு பழைய ஊரில் இவ்வளவு நாளும் இந்தச் சொல் இல்லாமல் எப்படிச் சண்டை பிடித்தார்கள் என்பதே ஆச்சரியம்தான்.

வீட்டில் மாமி கண்ணகை சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றார்.

“மருமகன், எங்கட குடி எத்தினையாம் வசனத்தில?”

“நாலாவதில மாமி.”

“நாங்க மூண்டாங்குடி. ஒரு படி இறக்கிட்டீங்க. உங்களுக்குச் சோறு போடுறது ஆரு மருமகன்?”

அன்றைக்கு மீன் குழம்பு முதலில் மாமனாருக்குப் போயிற்று, பிறகு நிருஷாவுக்கு, பிறகு கொல்லைப் பூனைக்கு. மதுரனுக்கு வந்தது குழம்பு மட்டும்.

“மனிசரே வேணாம். மிருகத்தப் பத்தி எழுதுங்க. அதுகளுக்கு ஏது குடி?” என்று நிருஷா புத்தி சொன்னாள்.

நல்ல புத்தி. மதுரன் மிகக் கவனமாக எழுதினான். முதல் வசனத்தில் எந்த உயிரையும் வைக்கவில்லை. ‘வாவி எல்லோருக்கும் உணவு தருகிறது’ என்று தொடங்கினான். பிறகு ஒரு கொக்கு, ஒரு எருமை, ஒரு நண்டு. எல்லோருக்கும் சமமாக ஒவ்வொரு வசனம்.

காலை ஆறு மணி.

“வெள்ளை உடுப்போட ஒத்தைக் காலில நிண்டு, ஆர்ர மீன் வருது எண்டு பாத்திருக்கிற கொக்கு ஆரு சேர்?” என்று வண்ணக்கர் கேட்டார். அவருடைய வேட்டியும் சால்வையும் அன்றைக்கென்று பளீரென்று இருந்தன.

பின்னேரம் ஐந்து மணி.

“ஊரில நண்டு விக்கிறது நான் ஒராள். பந்தியிலயும் ஒரே ஒரு நண்டு. அது பக்கத்தாலதான் நடக்குமாம்! நான் நேரா நடக்கிறல்லையா?” என்று நல்லரத்தினம் கேட்டார். கேட்டுவிட்டு, “பக்கத்தால நடக்கிறதுக்கு என்ன சொல்லுப் போட்டிருக்கீங்க?” என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

எருமை யார் என்பதில் நான்காங்குடியும் ஐந்தாங்குடியும் அடிபடப் பார்த்து, இருவரும் அது மற்றவர்தான் என்று முடிவுசெய்ததால் அந்தப் பிரச்சினை மட்டும் தானாகத் தீர்ந்தது. மாமி கண்ணகையின் கோபம்தான் பெரிது.

“எல்லாக் குடிக்கும் ஒவ்வொரு சீவன். எங்களுக்கு ஒரு தவளைகூடவா கெடைக்கல்ல, மருமகன்?”

சரி, மிருகமும் வேண்டாம். உயிரே வேண்டாம். மதுரன் விஞ்ஞானத்துக்குப் போனான். தண்ணீர்! தண்ணீருக்குக் குடி இல்லை. ‘தண்ணீர் எப்போதும் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குப் பாயும்’ என்று முதல் வசனம் எழுதினான். உலகத்தில் எவரும் மறுக்க முடியாத உண்மை என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தான்.

பாவம், வாவிக்கு அக்கரையில் இருக்கும் வயல் வட்டையில் வாய்க்காலின் தலைமாட்டில் வண்ணக்கரின் வயலும் கால்மாட்டில் நல்லரத்தினத்தின் வயலும் இருப்பதும், அந்தத் தண்ணீருக்காக இருபது வருடமாக இரண்டு மச்சான்மாரும் முறைத்துக்கொண்டிருப்பதும் மாங்கேணிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

“தாழ்ந்த இடம் எண்டது என்ட வயலத்தானே?” நல்லரத்தினம் அன்று ஐந்து மணிவரைகூடப் பொறுக்கவில்லை. நாலரைக்கே வந்துவிட்டார். “மெய்தான், பாயும். மேல இருக்கிறவன் மறிச்சு வச்சா எப்பிடிப் பாயும்? அதையும் எழுதுங்க சேர். விஞ்ஞானம் எண்டா முழுசா எழுதோணும்.”

அதுவும் நியாயம்தானே என்று மதுரன் கடைசியில் ஒரு வசனம் சேர்த்தான்: ‘இருந்தாலும், நடுவில் யாராவது தடுத்தால் தண்ணீர் கீழே வராது.’ பிள்ளையார் பிடிக்கப்போய் ஏற்கெனவே குரங்காகியிருந்தது. இப்போது அந்தக் குரங்குக்கு அவன் வாலும் வைத்தான்.

“தண்ணிக் கள்ளன் எண்டு எனக்கு இங்கிலீசில பேர் வச்சிட்டீங்க,” என்றார் வண்ணக்கர் மறுநாள் காலை. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இந்த ‘ஹவெவர்’ எண்ட சொல்லு என்ன செய்யிது?”

“அது வந்தா, அதுக்கு முதல் சொன்னத விட்டிட்டு, புறகு சொல்றதத்தான் முக்கியமா எடுக்கோணும், ஐயா.”

“ஆங்,” என்று வண்ணக்கர் எழுதிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை பூசைக்குப் புறகு கூட்டம். வாங்க சேர்.”

வெள்ளிக்கிழமை கோயில் முற்றம் நிறைந்திருந்தது. பதினேழு பிள்ளைகளும் தூண்களுக்குப் பின்னால் நின்றார்கள். நிருஷா வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்: “ஒண்டும் விளக்கம் சொல்லாதீங்க. எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேட்டிட்டு வாங்க.”

மதுரன் எழுந்து கைகூப்பினான். “வண்ணக்கர் ஐயா என்னை மன்னிக்கோணும். நல்லரத்தினம் அண்ணன் மன்னிக்கோணும். மூண்டாங்குடி...”

“நில்லுங்க!” நல்லரத்தினம் எழும்பிவிட்டார். “மன்னிப்பிலயும் எனக்கு ரெண்டாமிடமா?”

பின்னால் இருந்து நான்காங்குடிக்காரர் ஒருவர், “எங்களிட்ட மன்னிப்பு வந்து சேர விடிஞ்சிரும்,” என்றார். முற்றம் கொதித்தது. மதுரன் பின்பக்கமிருந்து தொடங்கி, ஐந்தாங்குடியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். அதுவரை பேசாமல் இருந்த முதலாங்குடி முழுவதும் எழுந்து நின்றது.

வண்ணக்கர் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

“சேர் நல்ல மனிசன். காசு பணம் வாங்காமப் படிப்பிச்சவர். பிள்ளையள் அவரில உசிரா இரிக்குதுகள்.” சால்வையை இழுத்துச் சரிசெய்தார். “ஹவெவர், இண்டையில இரிந்து மடத்தப் பூட்டுறன்.”

நல்லரத்தினமும் விட்டுக்கொடுக்கவில்லை. “பூட்டாட்டியும் நாங்க பிள்ளையள அனுப்ப மாட்டம். ஃபோர் எக்ஸாம்பிள், என்ட மகள் வரமாட்டாள்.”

கூட்டத்துக்கு அந்தச் சொற்கள் விளங்கவில்லை. ஆனாலும் பெரிய இடத்துச் சொற்கள் என்று விளங்கியது. எல்லோரும் தலையாட்டினார்கள். மதுரன் தலையாட்டவில்லை. தூணுக்குப் பின்னால் தக்ஷாயினி கண்ணைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மடத்துக் கதவில் பூட்டு விழுந்தது. மதுரன் தன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து வைத்தான். முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள், நான்கும் மூன்றாங்குடி, மாமியின் கட்டாயம். இரண்டாம் நாள் யாருமில்லை.

ஆனால் காலை ஆறு மணிக்கு வண்ணக்கர் வந்தார்.

“இண்டைக்குப் பந்தி எங்க, சேர்?”

“வகுப்பே இல்லையே ஐயா. நீங்கதானே பூட்டினீங்க?”

“பூட்டினது மடத்த. நீங்க எழுதுறத நிப்பாட்டச் சொன்னனா? நான் எதிர்க்கிறதுக்கு ஒரு பந்தி வேணாமா?”

அதே கேள்வியைப் பின்னேரம் நல்லரத்தினம் வேறு சொற்களில் கேட்டார். மனிதர்கள் ஒருவரைக் கெடுப்பதென்று முடிவெடுத்துவிட்டால் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று மதுரன் வியந்தான். அவன் வகுப்புக்குப் பிள்ளைகள் மழையென்றும் திருவிழாவென்றும் வராமல் விட்டதுண்டு. இந்த இரண்டு எதிரிகளும் ஒரு நாள்கூட வராமல் விடவில்லை. பயத்தில் அவனும் நாளுக்கொரு பந்தி எழுதிக்கொண்டே இருந்தான். பாலம், வெயில், தபால்காரர், தேங்காய். எதை எழுதினாலும் இருவரும் அதில் தங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு நாள் வாவித் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கிற கண்டல் மரங்களைப் பற்றி எழுதினான். வண்ணக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதன்முறையாக அவனிடம் கேளாமல் தானே உதட்டை அசைத்து வாசித்தார். கால் மணி நேரமாயிற்று.

“இது மரத்தப் பத்தின கதை இல்ல சேர்,” என்றார். “கண்டல வெட்டினா மீன் குஞ்சு இல்லாமப் போகும் எண்டுதான் சொல்ல வாறீங்க. அது முதல் வசனத்திலயும் இல்ல, கடைசியிலயும் இல்ல. எல்லாத்தையும் சேத்துத்தான் எடுக்கோணும். சரியா?”

முழுக்கச் சரி. பதினேழு பிள்ளைகளில் ஒருவர்கூட இதுவரை இப்படிக் கண்டுபிடித்ததில்லை. மதுரன் பந்தியைத் திரும்ப வாங்கி மடித்தான். எதிரி நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டு வருகிறான். இனி எந்த வசனத்துக்குள்ளும் ஒளிய முடியாது.

அன்று பள்ளிக்கூடத்தால் வரும்போது வாவிக் கரையில் நிதுர்ஷனைக் கண்டான். பையன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான்.

“வீட்டில படிக்கிறியா?”

“பாக்கிறன் சேர். விளங்கல்ல.” சைக்கிள் மணியை விரலால் தடவினான். “நீங்க கவலப்படாதீங்க சேர். எங்கட ஊருக்கு W வாறது பழக்கம்தானே.”

தேற்றுவதற்காகத்தான் சொன்னான், நல்ல பிள்ளை. மதுரனுக்கு அந்த மாங்கேணித் தோணியின் பின்பக்கம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கே ஒளிவதற்குப் பதினேழு பேருக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடிதம் எழுதினான். நிருஷா பக்கத்தில் இருந்து வாசித்தாள்.

“நீங்க விலகிறீங்களா?”

“ஓம். சண்டையெல்லாம் நான் எழுதின பந்தியாலதானே? நான் இனி மடத்துப் பக்கமே போகமாட்டன். மடத்தத் திறந்து வேறொரு சேரக் கூப்பிட்டுப் பிள்ளையளப் படிப்பிக்கச் சொல்லி எழுதியிருக்கன். அதுகள் பாஸ் பண்ணினாப் போதும்.”

“எங்கட புள்ளையளுக்கு உங்களப்போல ஆரு கெடைப்பாங்க?” என்று நிருஷா சொல்லிவிட்டு அழுதாள். உள்ளே மாமி கண்ணகைகூட மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு மீனின் நடுத்துண்டு நேராக அவனுடைய கோப்பைக்கு வந்தது. அவனால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடிதத்தை எடுத்துக்கொண்டு பஹ்மியின் கடைக்குப் போனான். கடிதம் யாருக்கு என்ற இடத்தில் எந்தப் பெயரையும் போடவில்லை. அந்தளவுக்கு அவனும் இந்த ஊரைப் படித்துவிட்டான்.

“ரெண்டு பிரதி எடுங்க பஹ்மி. ஒண்டு வண்ணக்கருக்கு, ஒண்டு நல்லரத்தினம் அண்ணனுக்கு. ஒரே நேரத்தில ரெண்டு பேரிட்டயும் போய்ச் சேரோணும். எது முதல் எடுத்த பிரதி எண்டு தெரியப்படாது.”

பஹ்மி கடிதத்தை இயந்திரத்தில் வைக்கப்போனவர், நின்று வாசித்தார். ஒரு தடவை வாசித்தார். மறுபடியும் மேலிருந்து வாசித்தார். பிறகு இயந்திரத்தின் சுவிட்சை நிறுத்தினார்.

“சேர், இதக் குடுக்கப்போறீங்களா?”

“வேற வழியில்ல பஹ்மி. அவங்க ரெண்டு பேருக்கும் என்னைக் கண்ணில காட்ட ஏலாது. காலையில ஒராள், பின்னேரம் ஒராள், ஒரு நாள் தவறாம வந்து நான் எழுதுற ஒவ்வொரு சொல்லையும் கிண்டி எடுக்காங்க. நான் போனாத்தான் அவங்களுக்கு நிம்மதி.”

பஹ்மி கடைக்கு வெளியே எட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை என்று கண்டதும் கதவைச் சாத்திவிட்டு, மதுரனின் காதுக்குக் கிட்ட வந்தார்.

“ஒருத்தரிட்டயும் சொல்றல்ல எண்டு நான் சத்தியம் பண்ணிக் குடுத்த விசயம் சேர், ஆனா நீங்க போறெண்டா சொல்லத்தானே வேணும்: போன கிழமை வண்ணக்கரும் நல்லரத்தினத்தாரும், ஆளுக்கொரு நேரம், தலையில துவாயப் போட்டு முகத்த மூடிக்கொண்டு இஞ்ச வந்து, ‘மச்சானுக்குத் தெரியப்படாது’ எண்டு சொல்லி, இந்த வருசம் ஓ.எல். இங்கிலீஷ் எழுத அப்ளிகேசன் போட்டிட்டுப் போயிரிக்காங்க!”